நெறிமுறைக் குழுவில் இருக்கும் டாக்டர் அல்லாத உறுப்பினருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். நீங்கள் ஐயாவா அம்மாவா என்று தெரியாது, பெயரும் தெரியாது. புது மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க ஒப்புதல் தரும் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் சாமானியராக இருக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதி சொல்கிறதாம். அந்தச் சாமானியர் நீங்கள் என்றால், இது உங்களுக்குத்தான்.

நான் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை சேல்ஸ்மேன். வீடு கொருக்குப்பேட்டை. ஒன்பது வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் ஆறாத புண். புடவையை விரித்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வயிறு முறுக்கும். கடை மொத்தத்துக்கும் மாடியில் ஒரே கக்கூஸ். தீபாவளி சீசனில் மத்தியானம் சாப்பிடவே மாட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால் நான் படும் பாட்டை எழுத முடியாது. மெசலமின் மாத்திரை கொஞ்ச காலம் கேட்டது. பிறகு ஸ்டீராய்டு. முகம் உப்பிப்போய், "நல்லா சதை போட்டுட்டியே" என்றார் முதலாளி.

போன மாதம் டாக்டர் ஒரு புது மாத்திரையின் ஆய்வில் சேரச் சொன்னார். நல்ல டாக்டர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓபி வாசலில் அறுபது பேர் நிற்கும்போது படிவத்தைக் கையில் கொடுத்து, "படிச்சுட்டு இப்பவே கையெழுத்துப் போடறீங்களா" என்று நர்ஸ் கேட்டால் எப்படி? வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தமிழ்ப் படிவம்தான். 'இரட்டை மறைவு ஆய்வு' என்று இருந்தது. சத்தமாகப் படித்தேன். அம்மா பதறிப்போய், "யாருடா ரெண்டு பேர் போயிட்டாங்க?" என்றாள். எனக்குக் கிடைப்பது மருந்தா, மருந்து இல்லாத வெறும் மாத்திரையா என்பது எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது என்பதுதான் அதற்கு அர்த்தமாம். இதை இப்படியே எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம்? கடைசிப் பக்கத்தில் என் வருட வருமானம், அதற்குக் கீழே வாரிசுதாரர் பெயர். ஆய்வால் நான் செத்துப்போனால் இழப்பீடு வாங்குபவர் யார் என்பதற்கு. விதிப்படி அது இருக்க வேண்டியதுதான், எனக்குப் புரிகிறது. அம்மாவுக்குப் புரியவைக்கத்தான் முடியவில்லை.

குழுவில் எல்லோரும் மருந்தின் பக்க விளைவைக் கேட்டிருப்பார்கள். நீங்கள் கக்கூஸைக் கேட்டீர்களா? ஆய்வில் கொலனோஸ்கோபி, அதாவது குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது, இரண்டு முறை. ஒவ்வொன்றுக்கும் முந்தின ராத்திரி பேதி மருந்தை லிட்டர் கணக்கில் குடித்துக் குடலைக் காலி செய்ய வேண்டும். எங்களுடையது லைன் வீடு, மூன்று குடும்பத்துக்குப் பொதுக் கழிப்பறை. அந்த ராத்திரிக்காக நான் இரண்டு வீட்டுக்காரர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். பஸ் காசு தருவார்களாம். லீவு போட்டால் கடையில் பிடித்துக்கொள்ளும் சம்பளத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

எனக்கு வெறும் மாத்திரை விழுந்து ரத்தப்போக்கு கூடினால், எத்தனையாவது நாள் என்னை வெளியே எடுத்து வேறு மருந்து கொடுப்பீர்கள்? 'தேவைப்படும்போது' என்று போட்டிருக்கிறது. யாருக்குத் தேவைப்படும்போது? அப்பாவுக்கு டிபி இருந்தது. இந்த மாதிரி மருந்து நோய் எதிர்ப்பைக் குறைக்கும், உள்ளே தூங்கும் டிபி எழுந்துகொள்ளலாம் என்று முன்கூட்டியே ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். அது சரி, அதில் எனக்கு நிம்மதிதான்.

என்னை உண்மையில் தடுப்பது வேறு. மருந்து கேட்கிறது, ஒன்பது வருடத்துக்குப் பிறகு நான் தீபாவளிக்கு மத்தியானம் சாப்பிடுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு முடிந்த மறுநாள்? வேறு சிகிச்சையே இல்லாத நோயாக இருந்தால்தான், அதுவும் டாக்டர் பரிந்துரைத்து உங்கள் குழு ஒப்புக்கொண்டால்தான், மருந்தை இலவசமாகத் தொடரலாம் என்கிறது விதி. என் நோய்க்கு வேறு ஊசி இருக்கிறது, என் சம்பளத்துக்குத்தான் எட்டாது. அது 'சிகிச்சை இருக்கிறது' என்ற கணக்கில் வருமா? இதை மட்டும் மருந்துக் கம்பெனியிடம் கேட்டு, பதிலைப் படிவத்தில் எழுத வையுங்கள்.

வேண்டாம் என்றாலும், பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்று படிவத்தில் இருக்கிறது. நம்புகிறேன். ஆனாலும் அதே டாக்டர் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல வேண்டியவன் நான்.

வருகிற வியாழக்கிழமை ஓபி. படிவம் பீரோவில் அம்மாவின் புடவைக்கு அடியில் இருக்கிறது. ஒளித்து வைத்தது அவள்தான்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு நோயாளி