சாவியை வாங்க மறுத்த டிரைவர் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை புதிய வண்டியின் சாவியை நான் நீட்டியபோது, நீங்கள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கு இன்னோவாவே போதும் தம்பி, இதுல எதைத் தொட்டாலும் ஏதாவது ஒண்ணு கத்துது" என்று சொன்னீர்கள். 22 ஆண்டுகளாக எங்கள் வீட்டு வண்டிகளை ஓட்டி, அப்பாவின் அறுவை சிகிச்சைக்கு நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கும், என் திருமணத்துக்குப் பழநிக்கும் எங்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தவர் நீங்கள். உங்கள் வாயிலிருந்து அந்தச் சொற்களைக் கேட்டதும் எனக்கு வருத்தமாக இருந்தது. அன்று இரவு நெடுநேரம் யோசித்த பிறகுதான், தவறு முழுவதும் எங்களுடையது என்று புரிந்தது.

வண்டியை டெலிவரி எடுத்த நாளை நினைத்துப் பாருங்கள். ஷோரூமில் ஓர் இளைஞர் முக்கால் மணி நேரம் என்னை முன் சீட்டில் உட்கார வைத்து ஒவ்வொரு வசதியையும் விளக்கினார். நீங்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வெயிலில், இன்னோவாவின் அருகில் நின்றுகொண்டிருந்தீர்கள். உங்களை உள்ளே அழைக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வண்டியோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆக, மாதம் ஒருமுறை ஆசைக்கு ஓட்டப் போகிற எனக்கு எல்லாம் சொல்லப்பட்டது. தினமும் அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்து ஓட்டப் போகிற உங்களுக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லப்படவில்லை. இரண்டு மாதங்களாக நான் ஓட்டிப் பழகியதில் தெரிந்துகொண்டதைத் தமிழில் எழுதி உங்களிடம் கொடுப்பதுதான் நியாயம். இதைப் பொதுவில் எழுதுவதற்குக் காரணம், உங்களைப் போலவே கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட டிரைவர்கள் வேறு பல வீடுகளிலும் இருப்பார்கள் என்பதுதான்.

கியரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் ஆபத்தானது. இன்னோவாவில் கியர் எங்கே இருக்கிறது என்பதை உங்கள் கையே சொல்லிவிடும். இந்த வண்டியில் சொல்லாது. குச்சியை முன்னே தள்ளினாலும் பின்னே இழுத்தாலும், விட்டவுடன் அது நடுவுக்கே திரும்பி வந்துவிடும். அதனால் கியர் பார்க் என்ற நிறுத்தும் நிலையில் இருக்கிறதா, டிரைவ் என்ற ஓடும் நிலையில் இருக்கிறதா என்பதைக் கை அறியாது. மீட்டருக்கு நடுவில் எரியும் எழுத்தைக் கண்தான் பார்க்க வேண்டும். இது சின்ன விஷயமன்று. இப்படி நடுவுக்குத் திரும்பும் கியர் குச்சி பொருத்திய 11 லட்சம் வண்டிகளை 2016ஆம் ஆண்டு ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு ஜூன் மாதம், ஆண்டன் யெல்சின் என்ற 27 வயது ஹாலிவுட் நடிகர், தன் வீட்டுச் சரிவில் தானாக உருண்டு வந்த தன்னுடைய ஜீப்புக்கும் மதில் தூணுக்கும் இடையே சிக்கி இறந்துபோனார். நம் வீட்டு வாசலும் சரிவுதான். பார்க் பொத்தானை அழுத்தி, பி என்ற எழுத்தைக் கண்ணால் பார்த்து, கைப்பிரேக் விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பார்த்த பிறகே பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். அம்மா எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். சிக்னலில் நிற்கும் வண்டியைத் தானே பிடித்து வைத்து, திரையில் பச்சையாக எரியும் ஆட்டோ ஹோல்ட், கைப்பிரேக் ஆகாது. அது உங்கள் காலுக்குக் கொடுக்கும் ஓய்வு மட்டுமே. ஆக்சிலரேட்டரைத் தொட்டால் விட்டுவிடும்.

அடுத்து, "கத்துது" என்று நீங்கள் சொன்னதைப் பற்றி. ஆயுத பூஜை அன்று நீங்கள் வண்டியைக் கழுவித் துடைத்து, முன்பக்க முத்திரையின் மேல் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சாமந்தி மாலையைத் தொங்கவிட்டீர்கள். பார்க்கவே நிறைவாக இருந்தது. எலுமிச்சம் பழத்தின் மேல் ஏற்றி வண்டியை எடுத்ததும் திரையில் மஞ்சள் எச்சரிக்கைகள் வரிசையாக வந்தன, மணி அடித்தது, நீங்கள் பதறி இறங்கிவிட்டீர்கள். உங்கள் கையால் எதுவும் கெட்டுப்போகவில்லை, அண்ணா. அந்த முத்திரைக்குப் பின்னால்தான் முன்னே போகும் வண்டிகளை அறியும் ரேடார் இருக்கிறது. சந்தனம் அதன் கண்ணை மறைத்தது. மாலை, பம்பரில் உள்ள சென்சார்களின் குறுக்கே ஆடியது. ஈரத் துணியால் துடைத்ததும் எல்லா எச்சரிக்கையும் போய்விட்டது. இனி பொட்டை பானெட்டின் மேல் வையுங்கள், மாலையைப் பூஜை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். தினமும் காலையில் வண்டி துடைக்கும்போது, பின்கதவுக் கைப்பிடியின் மேலும், இரண்டு பக்கக் கண்ணாடிகளின் அடியிலும், முன்பக்கத்திலும் உள்ள நான்கு கேமராக்களையும் மெல்லிய துணியால் துடையுங்கள். திரையில் வண்டியை வானத்திலிருந்து பார்ப்பதுபோல் தெரிகிறதே, அந்தப் படம் இந்த நான்கையும் சேர்த்து ஒட்டியதுதான். ஒட்டும் இடங்களில், அதாவது நான்கு மூலைகளிலும், சின்னக் கல்லோ ஒரு குழந்தையோ மறைந்துபோகலாம். ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கி ஒருமுறை சுற்றிப் பார்க்கும் உங்கள் பழக்கத்தை எந்தத் திரைக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

ரேடாரை நம்பி வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் குரூஸ் வசதியை, சேலம் நெடுஞ்சாலையில் பெருந்துறையைத் தாண்டியதும் நான் முதன்முறை பயன்படுத்தினேன். முன்னே போன பேருந்து வேகம் குறைத்தால் நம் வண்டியும் குறைத்தது. அது விலகியதும் நம் வண்டி வேகம் எடுத்தது. அரை மணி நேரம் கால் வலி இல்லாமல் போவது உண்மையிலேயே பெரிய சுகம்தான். ஆனால் அதன் குணம் ஒன்றை நீங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அது நகரும் வண்டிகளைப் பின்தொடர்வதற்காகவே செய்யப்பட்டது. சாலையோரப் பலகை, பாலம், தடுப்புக் கம்பி என்று நின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பிரேக் பிடித்தால் பயணமே செய்ய முடியாது என்பதால், அதிக வேகத்தில் போகும்போது அசையாத பொருள்களை அது பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இரவில், பின்விளக்கு எரியாமல், டயர் பஞ்சராகி இடது ஓரம் நிற்கும் லாரியும் அதற்கு ஓர் அசையாத பொருளாகப்படலாம். நம் சாலையில் டிரைவர்கள் அதிகம் அஞ்சுவது அந்த லாரிக்குத்தானே? எதிர்த் திசையில் ஓரமாக வரும் மொபெட்டுக்கும் இதே கதிதான். ஆகவே இரவில் குரூஸ் வேண்டாம். பகலிலும், தடுப்புச் சுவர் உள்ள நான்குவழிச் சாலையில், வண்டிகள் குறைவாக இருக்கும்போது மட்டும் போடுங்கள். கால் எப்போதும் பிரேக்கின் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கிறது என்றும் சொன்னீர்கள். அது வெள்ளைக் கோட்டைப் பார்த்து வண்டியைக் கோட்டுக்குள் வைக்க முயலும் வசதி. நாம் பள்ளத்தைத் தவிர்க்க இண்டிகேட்டர் போடாமல் லேசாக ஒதுங்கினால், தூக்கத்தில் வண்டி விலகுகிறது என்று எண்ணி அது திருப்புகிறது. முதன்முறை எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கினால் தலையிடாது. நீங்கள் கொஞ்சம் அழுத்தித் திருப்பினாலும் விட்டுக்கொடுத்துவிடும். கோடே இல்லாத ஊர்ச் சாலைகளில் இதனால் பயன் இல்லை. அதை அணைத்து வைக்கும் பொத்தானை உங்களுக்குக் காட்டித் தருகிறேன். அணைப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை.

மலைச் சாலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வருவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆனால் உங்களிடம் கற்க வேண்டியதைக் கற்காமல் போனதால் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். சென்ற மாதம் வால்பாறையிலிருந்து நாங்கள் மட்டும் திரும்பி வந்தோம். ஆழியாறு வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள். கியரை டிரைவிலேயே விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினேன். அடிவாரத்திலிருந்து எண்ணினால் ஒன்பதாவது வளைவில், வரையாடுகள் மேயும் அந்த லோம்ஸ் வியூ பாயின்ட்டில் நிறுத்தியபோது முன்சக்கரங்களிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. பிரேக்கை மிதித்தால் கால் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. பின்சீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் கிளம்பினேன். "ஏறின கியரிலேயே இறங்கணும்" என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்! ஆட்டோமேட்டிக் வண்டியிலும் அது மாறவில்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இடது பக்கம் மைனஸ் குறி போட்ட பட்டை இருக்கிறது. அதை விரலால் இழுத்தால் கியர் ஒவ்வொன்றாகக் குறையும். இரண்டிலோ மூன்றிலோ வைத்தால், இன்னோவாவில் நீங்கள் செய்ததைப்போலவே எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

சரிவில் இறங்கும் வண்டியின் படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கிறது. படத்தைப் பார்த்து அது மலைச் சாலைக்கானது என்று நான் நினைத்திருந்தேன். அது வேறு. லேண்ட் ரோவர் நிறுவனம் 1997இல் ஃப்ரீலேண்டர் என்ற வண்டியில் முதன்முதலாக அதைக் கொடுத்தது. அந்த வண்டியில் குறைந்த வேகத்துக்கான தனிக் கியர்கள் இல்லாததால், செங்குத்தான மண் சரிவில் மெல்ல இறங்க அந்த ஏற்பாடு. அது எஞ்சினை மட்டும் நம்பாமல் பிரேக்குகளை விட்டு விட்டுப் பிடித்தே இறக்குகிறது. எஸ்டேட்டுக்குள் மழைக்காலச் சேற்றுப் பாதைக்கு நல்லது; 40 வளைவுகளுக்கு ஆகாது.

இப்போது டீசல். இதில் பிழை நேர்ந்தால் லட்சக்கணக்கில் செலவு வைக்கும். டீசல் மூடியைத் திறந்தால் பக்கத்திலேயே நீல மூடி ஒன்று இருக்கும். அது ஆட்புளூவுக்கு உரியது. 32.5 சதவீதம் யூரியாவும் மீதி சுத்தமான தண்ணீரும் கலந்த அந்தத் திரவம், புகையில் உள்ள நச்சு வாயுவைக் குறைப்பதற்காகச் சைலன்சர் குழாய்க்குள் தெளிக்கப்படுகிறது. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த பிறகு இத்தகைய டீசல் வண்டிகளில் இது சாதாரணம். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை ஊற்றவே கூடாது. பங்க்கில் பையன் அவசரத்தில் மாற்றி ஊற்றிவிட்டால், ஸ்டார்ட் பொத்தானைத் தொடாமல், அங்கேயே நிறுத்தி எனக்குப் போன் செய்யுங்கள். நான் ஒரு சொல்கூடக் கடிந்து பேச மாட்டேன். ஆட்புளூ குறைந்தால் இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று திரை முன்கூட்டியே சொல்லும். அதை அலட்சியம் செய்து கணக்கு பூஜ்யமாகிவிட்டால், எஞ்சினை அணைத்த பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகாது. இன்னொன்று: அப்பாவைக் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் தினமும் சின்னத் தூரம் ஓட்டினால் புகைவடிகட்டியில் கரி அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை அவிநாசி வரைக்கும் ஒரே சீரான வேகத்தில் போய் வாருங்கள். கரி தானாக எரிந்துவிடும். டீசல் வீண் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தேடினீர்களாம். இல்லை. காற்று போனாலும் உட்காராத தடித்த ஓரம் கொண்ட டயர்கள் இவை. பஞ்சரான பிறகும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் 80 கிலோமீட்டர் தூரம் வரை ஓட்டலாம். வண்டி நிற்காததால் பஞ்சரே தெரியாமல் போகலாம். ஆகவே திரையில் வரும் டயர் எச்சரிக்கையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். காற்றின் அளவு உங்கள் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிறது. வண்டியை உயர்த்தித் தாழ்த்தும் ஏர் சஸ்பென்ஷன் இருக்கிறது என்பதற்காக, மழையில் கோவை லங்கா கார்னர் சுரங்கப் பாதையில் தேங்கிய தண்ணீருக்குள் இறக்க வேண்டாம். கூரைக் கண்ணாடி, வண்ண விளக்குகள், முதுகு பிடித்துவிடும் சீட் இவையெல்லாம் பேரப்பிள்ளைகளுக்கு. நீங்கள் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சீட் பெல்ட்டைப் பற்றி ஒரு வேண்டுகோள். செக்போஸ்ட் தாண்டியதும் கழற்றிவிடுவதும், மணி அடிக்காமலிருக்க வெறும் கொக்கியைச் செருகி வைப்பதும் இன்னோவாவில் உங்கள் வழக்கம். 1959இல் வால்வோவின் நில்ஸ் போலின் வடிவமைத்து, எல்லாக் கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று அந்த நிறுவனம் விட்டுக்கொடுத்த பெல்ட் அது. இந்த வண்டியில் உள்ள அத்தனை ஏர்பேக்குகளும் நீங்கள் பெல்ட் போட்டிருக்கிறீர்கள் என்ற கணக்கில்தான் விரிகின்றன. தயவு செய்து கழற்றாதீர்கள்.

கடைசியாக, டிரைவர் சீட். நீங்கள் என்னைவிட அரை அடி உயரம் குறைவு. ஆனாலும் முன்பு ஒருநாள் வண்டியை ஷெட்டில் விடுவதற்காக உட்கார்ந்தபோது, நான் வைத்த இடத்திலிருந்து சீட்டை நகர்த்தாமல், நுனியில் உட்கார்ந்து, காலை எட்டி எட்டி பிரேக்கைத் தொட்டதைப் பார்த்தேன். தம்பி வைத்ததை மாற்றக் கூடாது என்று நினைத்திருப்பீர்கள். கதவின் உள்பக்கம் 1, 2 என்று இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. 1 என்னுடையது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, சாலை காலியாக இருக்கும்போது, நாம் இருவர் மட்டும் கிளம்புவோம். சீட்டையும், ஸ்டீயரிங்கையும், இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் உங்களுக்குப் பிடித்தபடி வைத்து, 2இல் பதிந்து கொடுக்கிறேன். பிறகு அது உங்கள் இடம். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி