நாலு நாள் சைக்கிள் மலைப் பயணத்துக்கு முன்னால்

பாலக்கோடு

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய வரைபடம் பார்த்தேன். நாலு நாள், நாளுக்கு 70 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறாய். தார் ரோட்டுக்கு அது சரி. மலைத்தடத்தில் ஏறும் உயரத்தைத்தான் கணக்கு எடுக்கணும். சுமை கட்டின சைக்கிளில் மணிக்கு 300 மீட்டர் உயரம் ஏறினாலே நல்ல வேகம். கல் பெயர்ந்த இடத்தில் இறங்கித் தள்ளத்தான் வேண்டியிருக்கும். நாளுக்கு 35, 40 கிலோமீட்டர் போதும். மாலை 4 மணிக்கு ஏதாவது ஊருக்குள் இருந்தாகணும்.

காரணம் யானை. மழை விட்டுத் தடம் காய்கிற மாதங்களில்தான் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் ராகிக் கதிர் முற்றும். அதைத் தேடிக் கர்நாடகக் காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக வரும். உனக்கு எது நல்ல சீசனோ, யானைக்கும் அதுதான். அஞ்செட்டிக்கும் ஒகேனக்கலுக்கும் நடுவே நீ புள்ளி வைத்திருக்கிற ஒற்றையடித் தடத்தை அழித்துவிடு. அந்தக் காட்டில் பெரும்பகுதி 2014-இல் அறிவித்த காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம், கூடாரம் போடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. தார் ரோட்டிலேயே, நன்றாக வெயில் ஏறின பிறகு கடந்துவிடு. மண் தடம்தான் வேண்டுமென்றால் வத்தல்மலை, சித்தேரி பக்கம் மலை ஊர்களுக்குப் போகிற வண்டித்தடங்கள் இருக்கின்றன. அங்கேயும் காப்புக்காட்டுப் பலகை கண்டால் திரும்பு. ராத்தங்கலை ஊர்க்காரர்களிடம் கேட்டு ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்.

இனி சைக்கிள். 12 கிலோ சுமையோடு ஏற, முன்னே 32 பல் இருந்தால் பின்னே பெரிய பல்சக்கரம் 46-ஆவது வேணும். கனமானதெல்லாம், அதாவது தண்ணீரும் ஸ்பேனரும், ஃபிரேம் முக்கோணத்துப் பையில் போகட்டும். சீட்டுக்குப் பின்னால் கனம் தொங்கினால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும், இறக்கத்தில் வால் ஆடும். ஹேண்டில் பையில் படுக்கை மட்டும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கை முழுசாக அமுக்கிப் பார், பை டயரில் உரசக் கூடாது.

நம்ம பக்கத்து எதிரி முள். டியூப்லெஸ் டயரில் சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கிற திரவம், 100 மில்லி ஊற்று. இந்த வெயிலுக்கு அது ரெண்டு மூணு மாசத்தில் காய்ந்துவிடும், போன வருஷம் ஊற்றினதை நம்பாதே. முள்ளைப் பிடுங்கினதும் ஓட்டை கீழே வருகிற மாதிரி சக்கரத்தைத் திருப்பி வை, அப்போதுதான் சீலன்ட் அடைக்கும். அதுவும் அடைக்காமல் டியூப் போட நேர்ந்தால், டயரின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்து, ஒட்டி நிற்கிற முள் முனை ஒவ்வொன்றையும் எடு. சீலன்ட் இருந்தவரை தெரியாமல் கிடந்த முள்ளெல்லாம் புது டியூபை ஐந்து நிமிஷத்தில் குத்தும். டியூப் இரண்டு கையோடு கொண்டுபோ. ஊர்க் கடையில் கிடைக்கிற டியூபின் வால்வு தடிமன், உன் ரிம் ஓட்டையில் நுழையாது.

கியர் ஹேங்கர், அதாவது பின் கியரைத் தாங்குகிற சின்ன உலோகத் துண்டு, ஒன்று உதிரி வேணும். சைக்கிள் வலது பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான், மாடலுக்கு மாடல் மாறும், தருமபுரியில் தேடினாலும் கிடைக்காது. செயின் லிங்க் ரெண்டு, உன் செயினுக்குச் சேர்ந்தது. பிரேக் பேட் புதுசு ஒரு ஜோடி. கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காதே. வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடி, அப்புறம் விட்டுவிடு. சூடு ஏறினால் பிரேக் பிடிக்காது.

தண்ணீர் 4 லிட்டர். பொரிகடலை, வெல்லம், புளிசோறு போதும். பாக்கெட்டில் விற்கிற எனர்ஜி ஜெல்லுக்குக் காசைக் கரியாக்காதே.

போகிறதுக்கு முந்தின ஞாயிறு, முழுச் சுமையையும் கட்டி ராயக்கோட்டை வரைக்கும் வந்து திரும்பு. எந்த போல்ட் தளர்ந்தது, எந்தப் பை உரசியது என்று பார்த்துவிட்டு ராத்திரி போன் பண்ணு.

அப்பா