பெற்றோருக்கு: ஆர்வ நோட்டைப் பிள்ளைகளே எழுதட்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. விளையாட்டு விழா சிறப்பாக நடந்தது. ஓவியப் போட்டியில் நம் மாணவர்கள் பரிசு வாங்கினார்கள். நூலகத்தில் புத்தகம் எடுக்கும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள், வருகைப் பதிவும் நன்றாக இருக்கிறது. அனைவருக்கும் பாராட்டுகள். விவரங்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளன.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை கொடுத்திருக்கும் ஆர்வ நோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு பக்கம்தான். வீட்டில் தனக்குப் பிடித்ததை வைத்து விளையாடியதையும் அதில் கண்டதையும் பிள்ளை வரைந்தோ எழுதியோ கொண்டுவர வேண்டும். பருவ முடிவில் நோட்டுகளைப் புரட்டியபோது பல பக்கங்கள் பெரியவர்கள் கையெழுத்தில் இருந்தன. அச்செடுத்து ஒட்டிய படங்கள், ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள், ஒரு பிழைகூட இல்லாத வாக்கியங்கள். பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் செய்திருப்பீர்கள். வேலை முடிந்து களைத்து வரும் இரவில், நாமே பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றுவதும் புரிகிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் ஆசிரியர் தேடுவதே பிள்ளையின் தவறுகளைத்தான். எண்ணும்போது எங்கே சறுக்குகிறது, எந்தச் சொல்லை ஒலியை வைத்து ஊகித்து எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த பாடத்தைத் திட்டமிடுகிறார். திருத்தி அனுப்பிய பக்கத்தில் அவருக்குப் படிக்க ஒன்றுமில்லை.

வீட்டில் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பிள்ளை எதைப் பற்றி ஓயாமல் பேசுகிறதோ அங்கிருந்தே தொடங்குங்கள். டைனோசர் என்றால், டைரனோசரஸ் ரெக்ஸ் ஏறத்தாழ 12 மீட்டர் நீளம். ஒரு மீட்டர் கயிறும் ஒரு சாக்பீசும் போதும். திறந்தவெளியில் 12 முறை வைத்து அளக்கட்டும். கயிறு முடிந்த இடத்தில் கோடு போடாமல் நகர்த்தினால் நடுவில் இடைவெளி விழும், இல்லையென்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். டைனோசர் நீண்டுவிடும் அல்லது குறுகிவிடும். இதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். பிறகு குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல் பாதம் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பாதம் 20 சென்டிமீட்டர் என்றால் 60 வர வேண்டும். வரவில்லையென்றால் பிள்ளையே திரும்பக் கயிற்றை எடுக்கும். அதே கோட்டை நீங்கள் பாதத்தால் அளந்தால் எண் குறைவாக வரும். ஏன் என்று பிள்ளை கேட்டால், அந்தக் கேள்வியை அப்படியே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த வாரத்துக்கு அது போதும்.

எண்களில் தடுமாறும் பிள்ளையோடு பாம்பு ஏணி ஆடுங்கள். ஆடும் விதம் முக்கியம். காய் 23-இல் நிற்கிறது, பகடையில் 4 விழுகிறது. பிள்ளைகள் வழக்கமாக ‘ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு’ என்றுதான் நகர்த்துவார்கள். கட்டத்தில் இருக்கும் எண்ணைச் சொல்லி, ‘24, 25, 26, 27’ என்று நகர்த்தப் பழக்குங்கள். உளவியல் ஆய்வாளர்கள் எலிடா லாஸ்கியும் ராபர்ட் சீக்லரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி எண்ணி ஆடிய பிள்ளைகளே கூடுதலாக முன்னேறினார்கள். வழக்கமான பலகையில் வரிசைகள் வளைந்து ஏறுவதால் 10-க்கு நேர்மேலே 11 வந்து நிற்கும். அதற்குப் பதிலாக ஒரு தாளில் 10-க்கு 10 கட்டம் போட்டு, கீழ் வரிசையிலிருந்து மேலே, எல்லா வரிசையையும் இடமிருந்து வலமாகப் பிள்ளையே எழுதட்டும். 14-க்கு மேல் 24, அதற்கு மேல் 34 என்று ஒவ்வொரு படிக்கும் பத்து கூடுவதைக் கண்டுபிடிக்கச் சில நாள் ஆகலாம். அவசரப்படுத்த வேண்டாம்.

பரிசு வைப்பதில் கவனம் தேவை. வரைவதில் ஆர்வமுள்ள மழலையரிடம் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று சொல்லி வரையவைத்த ஆய்வு ஒன்று 1973-இல் வெளியானது. சில நாட்கள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் தாமாக வரையும் நேரம் குறைந்திருந்தது. முன்கூட்டிச் சொல்லாமல் சான்றிதழ் கொடுத்தவர்களிடம் அப்படிக் குறையவில்லை. விளையாட்டின் நடுவே ‘இது என்ன நிறம், இங்கே எத்தனை’ என்று கேட்டுக்கொண்டே இருப்பதும் இதே வேலையைச் செய்யும். விளையாட்டு பரீட்சையாகிவிடும், பிள்ளை எழுந்து போய்விடும். ‘இதை எப்படி நிற்கவைத்தாய்?’ என்று ஒரு கேள்வி போதும். கேட்டபின் மூன்று நொடியாவது வாய்மூடிக் காத்திருங்கள். பெரும்பாலும் நாம் ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அடுத்த பருவம் முதல், பெரியவர்கள் எழுதிய பக்கங்களையும் அச்செடுத்து ஒட்டிய பக்கங்களையும் ஏற்க மாட்டோம். அவை வீட்டுக்குத் திரும்பி வரும். ஆர்வ நோட்டுக்கு மதிப்பெண் கிடையாது, அதனால் அழகுபடுத்தி எதையும் பெறப்போவதில்லை. கூடுதல் பயிற்சித்தாள் முடித்தால்தான் விளையாட்டு என்று சில வீடுகளில் விதி இருப்பதாகவும் அறிகிறோம். தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, அதன் 31-ஆவது பிரிவில், சொல்கிறது. அதைக் கூலியாக்கக் கூடாது.

எழுதத் தெரியாத பிள்ளைக்கு மட்டும் நீங்கள் எழுதி உதவலாம். அது சொல்வதைச் சொன்னபடியே, பிழையோடு எழுதி, ‘சொன்னது பிள்ளை, எழுதியது அப்பா’ என்று கீழே குறிப்பிடுங்கள். வாரத்தில் மூன்று நாள், 15 நிமிடம், கைபேசியை ஒதுக்கிவைத்து அருகில் உட்கார்ந்தால் போதும். எதுவும் நடக்காத வாரத்தில் பக்கம் வெறுமையாக வந்தாலும் பரவாயில்லை.

பசையும் கறையுமாக, எழுத்துகள் திரும்பி நின்ற பக்கங்களை அப்படியே அனுப்பிய பெற்றோருக்குத் தனியாக நன்றி. ஆசிரியர்கள் அவற்றைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு வேலைக்கு நடுவிலும் பிள்ளைக்காக நேரம் ஒதுக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி. பள்ளி திறக்கும் நாளில் நோட்டுகள் திரும்பக் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், என்னிடமும் கேட்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்