தீராத உடல்வலிக்குத் தைராய்டும் காரணமாகலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாள்பட்ட உடல்வலி குறித்துத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரை, முதுமை, உடல் பருமன், வைட்டமின் டி குறைபாடு, உட்காரும் முறை எனப் பல காரணங்களை விளக்கியிருந்தது. அவற்றில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால், ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே பிடிபடக்கூடியதும், விலை குறைந்த மாத்திரையால் பெரும்பாலும் கட்டுக்குள் வரக்கூடியதுமான தைராய்டு சுரப்புக் குறைவு அதில் இடம்பெறவில்லை. மும்பையில் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே உள்ள தைராய்டுச் சுரப்பி போதிய ஹார்மோனைச் சுரக்காதபோது உடலின் இயக்கம் முழுவதும் மந்தமடைகிறது. தசைகளும் அதற்கு விலக்கல்ல. தோள், இடுப்பு, தொடை ஆகிய இடங்களில் குடைச்சலும் இறுக்கமும், தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாத நிலையும், படியேறும்போது கால் கனப்பதும் அதனால் வரக்கூடும். மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்பட்டு இரவில் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப்போவதும், தோள்மூட்டு இறுகிக் கையை உயர்த்த முடியாமல் போவதும் இந்நோய் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. இவற்றோடு தீராத அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, தோல் வறட்சி, முடி உதிர்தல், மாதவிடாயில் மிகுந்த உதிரப்போக்கு ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் ஐயம் வலுக்கிறது.

இவ்வூர்த் தமிழர்களிடையே இது தப்பிப்போவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. தாராவியில் விடியுமுன் எழுந்து விற்பனைக்கு இட்லி அவிக்கும் பெண்ணுக்கும், பகலெல்லாம் குந்தியிருந்து முறுக்குப் பிழிபவருக்கும், டோம்பிவிலியிலிருந்து லோக்கல் ரயிலில் நின்றபடியே வேலைக்கு வந்து திரும்புபவருக்கும் வலிக்கான விளக்கம் கைவசம் ஆயத்தமாக இருக்கிறது. இத்தனை வேலை செய்தால் உடம்பு வலிக்காதா என்று வீட்டாரும் கேட்கிறார்கள், வரிசையில் நாற்பது பேர் காத்திருக்க மருத்துவரும் அதையே சொல்லிவிடுகிறார். பிள்ளை பெற்றவளின் நிலையோ இன்னும் மோசம்: பிரசவத்துக்குப் பின் ஓராண்டுக்குள் தைராய்டு அழற்சி ஏற்படக்கூடும் என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தியாக இருந்தும், அவளுடைய அசதியையும் வலியையும் 'பச்சை உடம்பு' என்ற ஒரே பேச்சில் முடித்துவிடுகிறோம்.

இது அரிய நோயும் அன்று. மும்பை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு காணப்பட்டது. அவர்களில் கணிசமானோர் அதை அதற்குமுன் அறிந்திருக்கவில்லை. அயோடின் கலந்த உப்பைத்தானே உண்கிறோம் என்று சிலர் கேட்கலாம். இன்று நகரங்களில் இக்குறைவுக்கு முதன்மையான காரணம், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்குவதுதான். ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912-இல் விவரித்த அந்த நோய் உப்பை மாற்றினால் தீராது.

காரணம் தெரியாமல் வலிநிவாரணி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவதால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் நேரலாம் என்பதைப் பலர் அறிவர். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் உயரும். அதைக் குறைக்க ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கினால், தைராய்டுக் குறைவுக்குச் சிகிச்சை பெறாதவர்களுக்கு அம்மாத்திரையாலேயே தசைவலி வரும் வாய்ப்பு கூடுகிறது. எனவே கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு முன்பாக டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் பெரும்பாலும் ரத்தத்தில் இதன் அளவு உயரும்) பரிசோதனை செய்வதை எல்லா மருத்துவர்களும் வழக்கமாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

எதிர்ப்பக்கத்துத் தவற்றையும் சொல்லாமல் விட முடியாது. முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு என்று விளம்பரம் செய்து ஆய்வகங்கள் தரும் அறிக்கையில் டிஎஸ்எச் 5 அல்லது 6 என்று இருந்தால் போதும், உடம்பின் எல்லா வலிக்கும் பழி தைராய்டின்மேல் விழுந்துவிடுகிறது. தைராய்டு சுரக்கும் ஹார்மோனாகிய டி4 இயல்பாக இருந்து டிஎஸ்எச் மட்டும் இலேசாக உயர்ந்திருக்கும் நிலையில், குறிப்பாக முதியவர்களுக்கு, தைராய்டு மாத்திரை பெரும்பாலும் பயன் தருவதில்லை. மூட்டுகள் வீங்கிச் சிவந்து காலையில் நெடுநேரம் விறைத்திருந்தால் முடக்குவாதத்தையும் தேட வேண்டும். அது தைராய்டு நோயோடு சேர்ந்தும் வரலாம். முடி வளர்ச்சிக்கென்று பயோட்டின் உட்கொள்பவர்கள் ரத்தம் கொடுக்குமுன் அதைச் சொல்ல வேண்டும். இல்லையெனில் முடிவே பிழையாக வரக்கூடும்.

மாத்திரை தொடங்கியும் குணமில்லை என்பவர்களில் பலர், நான் கேட்டறிந்தவரை, தைராய்டுக் குறைவுக்கான மாத்திரையாகிய லெவோதைராக்ஸினைக் காலைக் காப்பியோடு விழுங்குபவர்கள். பரிசோதனைக் கூடத்தில் இதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். வெறும் வயிற்றில் தண்ணீருடன் எடுத்துக்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியோ உணவோ கொள்ள வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. ஆறு முதல் எட்டு வாரங்களில் மறுபரிசோதனை செய்து அளவைத் திருத்துவார்கள். தசைவலி அதற்குப் பிறகும் சில மாதங்கள் நீடித்தே தணியும் என்பதால் பாதியில் கைவிடக் கூடாது.

மாநகராட்சி மருந்தகங்களில், மூன்று மாதங்களுக்கு மேலாக உடல்வலி என்று வருபவர்களுக்கு டிஎஸ்எச் பரிசோதனையைக் கட்டணமின்றி செய்து தரவேண்டும் என மும்பை மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் மருத்துவப் பக்கத்திலும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரைக் கொண்டு, வாசகர்களின் கேள்விகளுக்கு விடையளிக்கும் வகையில் இது பற்றி ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
மாட்டுங்கா, மும்பை