ஜோகன்னஸ்பர்க் வந்திருக்கும் சித்திக்கு

அன்புள்ள சித்தி,

"கும்பகோணத்து பில்டர், கும்பகோணத்துப் பொடி, போடுவதும் நான்தான். காபி மட்டும் சப்பென்று, லேசாகப் புளிக்கிறது" என்று போனில் அலுத்துக்கொண்டீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம். உங்களுக்குக் காபி பாடம் எடுக்கும் தைரியம் எனக்கு ஏது? மகள் வீட்டுக்கு வந்து இதே புலம்பலில் இருக்கும் மற்ற அம்மாக்களுக்கும் உதவட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

குறை உங்கள் கையில் இல்லை, ஊரின் உயரத்தில் இருக்கிறது. தட்டையாகத் தெரிந்தாலும் ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். ஏற்காட்டைவிட அதிகம். அங்கே தண்ணீர் கிட்டத்தட்ட 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். நான் இருக்கும் டர்பனில், கடலோரம் என்பதால், 100. பொடியிலிருந்து முதலில் இறங்குவது புளிப்பு. இனிப்பும் கசப்பும் இறங்கச் சூடும் நேரமும் வேண்டும். இங்கே கொதித்த தண்ணீரை அரை நிமிடம் ஆறவிட்டாலும் பரவாயில்லை. அங்கே அடுப்பிலிருந்து நேராக பில்டருக்குப் போகவேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு அப்புறம் பொடி அளக்கும் உங்கள் வழக்கம் அங்கே சரிப்படாது.

ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம், இன்னும் மோசம். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எவர்சில்வர் பில்டர் பாதிச் சூட்டைக் குடித்துவிடும். முதலில் வெந்நீர் ஊற்றிக் கொட்டி, துடைத்துவிட்டுப் பொடி போடுங்கள். 20 கிராம் பொடிக்கு 100 மில்லி தண்ணீர். லேசாக அமுக்கினால் போதும். மூடிவைத்து, மேலே ஒரு கனத்த துண்டைச் சுற்றிவிடுங்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும், டிகாக்‌ஷன் கள்ளிச்சொட்டாக இறங்கும்.

கொண்டுவந்த பொடி தீர்ந்தால் ஃபோர்ட்ஸ்பர்கில் இந்தியக் கடைகள் இருக்கின்றன. அங்கே இல்லாவிட்டால், காபிக்கொட்டை வறுத்து விற்கும் கடையில் கருக வறுத்ததாகக் கேளுங்கள். இளவறுப்பு இன்றைய நாகரிகம்தான், ஆனால் நம் பாலுக்கு அது தாங்காது. "பில்டருக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்! காகித பில்டருக்கான கரகரப்பான பொடியைக் கட்டிக் கொடுப்பார்கள், தண்ணீர் இரண்டே நிமிடத்தில் ஓடிவிடும். அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் மோக்கா பாத்திரத்துக்கு (moka pot) அரைப்பது போல என்று கேளுங்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் அடுக்கியிருக்கும் மலிவான பெரிய டப்பாக்களைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். பலவற்றில் சிக்கரிதான் முதலில் இருக்கும். அது கரைத்துக் குடிக்கும் தூள், நம் பில்டருக்கு ஆகாது. சிக்கரி மேல் எனக்குப் பகை இல்லை. அது இந்த நாட்டிலேயே, ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் அலெக்ஸாண்ட்ரியா பக்கம் விளைகிறது. நம் ஊரிலும் 49 சதவீதம் வரை கலக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் உங்கள் நாக்குக்கு 80 பங்கு காபிக்கு 20 பங்கு சிக்கரியைத் தாண்டவேண்டாம். சிக்கரியில் காஃபின் கிடையாது, அதனால் சாயங்காலக் காபிக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

பால் கொழுப்பு நீக்காததாக இருக்கட்டும். தங்கச்சி வாங்கிவைத்திருக்கும் லோ ஃபேட் பால் அவளுக்கே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா பிள்ளை, டர்பனிலிருந்து