மேடையைத் தொழிலாக்கப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீ மேடையில் பேசப்போவதாக அனுப்பிய பட்டியலில் தன்னம்பிக்கை, நேர மேலாண்மை, தலைமைப் பண்பு என்று பன்னிரண்டு தலைப்புகள். பதினொன்றை அடித்துவிடு. எதைப் பற்றியும் பேசுவேன் என்பவரை ஏற்பாட்டாளர்கள் எதற்கும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மிஞ்சும் ஒன்றையும் யாருக்கு, எந்தச் சிக்கலுக்கு என்று ஒரே வரியில் எழுது. ‘தலைமைப் பண்பு’ என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள். ‘நேற்றுவரை கூட வேலை பார்த்தவர்களுக்கு இன்று மேலாளராவது எப்படி’ என்றால் கூப்பிடுவார்கள்.

அதற்கு 45 நிமிட உரை ஒன்றைத் தயார் செய். ஒத்திகையில் அது 38 நிமிடத்தில் முடிய வேண்டும். சிரிப்பும் கைதட்டலும் மைக் கோளாறும் மீதியைத் தின்றுவிடும். மனதுக்குள் படித்துப் பார்த்தால் நேரம் பிடிபடாது. எழுந்து நின்று, வாய்விட்டு, கடிகாரம் வைத்துப் பேசு. தொடக்கத்தில் நான்கு வரி, முடிவில் நான்கு வரி மட்டும் மனப்பாடம். நடுவில் குறிப்புகள் போதும். முழுவதையும் உருப்போட்டவர்களுக்கு ஒரு சொல் நழுவினால் அடுத்த பத்தியே வராது.

முன்னால் பேசுபவர்கள் இழுத்தடித்து, உனக்கு 45-க்குப் பதில் 25 நிமிடம்தான் கிடைக்கும் நாள் கட்டாயம் வரும். வேகமாகப் பேசிச் சமாளிக்கப் பார்க்காதே. எந்த இரண்டு பகுதிகளைத் தூக்குவது என்று வீட்டிலேயே குறித்து வை. கேள்வி நேரத்தை முடிவுரைக்கு முன்பே வைத்துவிடு. இல்லையென்றால் யாரோ ஒருவரின் சண்டைக் கேள்வியோடு கூட்டம் கலையும்.

பழக இடம் வேண்டுமென்றால், உறுப்பினர்கள் கூடி மேடைப் பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் உண்டு. 1924-இல் ரால்ஃப் ஸ்மெட்லி கலிஃபோர்னியாவில் தொடங்கியது. 5 முதல் 7 நிமிட உரைக்கு 5-இல் பச்சை விளக்கு, 6-இல் மஞ்சள், 7-இல் சிவப்பு. நேரக் கட்டுப்பாட்டுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ஒரே குறை, அங்கே எல்லோரும் அன்பாகக் கைதட்டுவார்கள்.

தொடக்கத்தில் இலவசமாகப் பேசலாம், ஆனால் சும்மா பேசாதே. முழு வீடியோ, இரண்டு வரிப் பாராட்டு, வேறு இரண்டு அமைப்புகளுக்கு அறிமுகம் ஆகியவற்றை முன்கூட்டியே எழுத்தில் கேள். அந்த வீடியோவிலிருந்து மூன்று நிமிடம் வெட்டி எடு. முதல் 20 விநாடியில் உன் முகமும் குரலும் வரட்டும். இசையும் எழுத்தும் சுழன்று வந்தால் பார்ப்பவர் மூடிவிடுவார். படம் கொஞ்சம் மங்கினாலும் பொறுப்பார்கள், ஒலி கெட்டால் பொறுக்க மாட்டார்கள். சட்டையில் குத்தும் மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே வை. சங்கிலியும் துப்பட்டாவும் அதில் உரசக் கூடாது. கைமைக் என்றால் வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் தூரம். தலைப்பகுதியைக் கையால் பொத்தினாலோ ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றாலோ அது வீறிடும். கூட்டம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் மேடை முழுக்க நடந்து பேசிப் பார்த்துவிடு.

கட்டணம் பற்றிய பேச்சு வரும்போது தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள். (பேச்சாளர்களுக்கு இதுதான் கஷ்டம்.) குறைக்கச் சொன்னால் தொகையைக் குறைக்காமல் வேலையைக் குறை: பயிலரங்கை விட்டுவிட்டு உரை மட்டும். ஒரு பக்க ஒப்பந்தம் போதும். பாதிப் பணம் முன்பணம், பயணமும் தங்குமிடமும் யார் செலவு, ரத்தானால் எவ்வளவு, பதிவு செய்த வீடியோ யாருக்குச் சொந்தம் என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை விட்டால் உன் முழு உரையும் இணையத்தில் இலவசமாகக் கிடக்கும், அப்புறம் அதைக் காசு கொடுத்து யார் கேட்பார்கள்?

உன்னை அறிமுகம் செய்பவருக்கு 60 விநாடிக்கான வரிகளை நீயே பெரிய எழுத்தில் அச்சிட்டு இரண்டு பிரதி எடுத்துப் போ. ஒன்றை அவர் எப்படியும் தொலைத்துவிடுவார்.

அன்புடன்,
அக்கா