பெரிய சேவலை ஏன் தரமாட்டேன்

சாம்பல்தீவு,
திருகோணமலை.

அன்பு மகனுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வவுனியாக் காணியில் கொட்டில் போட்டு முடித்துவிட்டதாகவும், தைப்பொங்கலுக்கு வரும்போது நம் றோட் ஐலண்ட் றெட் கோழிகளில் எட்டுப் பேடுகளையும், முன்கூட்டில் நிற்கும் அந்தப் பெரிய சேவலையும் கொண்டுபோகப் போவதாகவும் சொன்னாய். பேடுகளைத் தருவதில் எனக்குத் தடையில்லை. அந்தச் சேவலை மட்டும் தரமாட்டேன். காரணத்தை இரண்டு வார்த்தையில் சொன்னால், வளர்த்த பறவையைப் பிரிய மனமில்லாமல் அம்மா மறுக்கிறாள் என்று நினைத்துவிடுவாய். அதனால்தான் இருந்து எழுதுகிறேன்.

அந்தச் சேவல் பார்வைக்கு நல்லது என்பதை நானும் மறுக்கவில்லை. இந்த இனத்தில் முழுதாக வளர்ந்த சேவலுக்கு 3.9 கிலோ போதும் என்று வைத்திருக்கிறார்கள், அது 4.4 கிலோ நிற்கிறது. உடல் முழுவதும் ஒரே கருஞ்சிவப்பு, வாலில் பச்சை மின்னும் கறுப்பு, நிமிர்ந்த ஐந்து முனைக் கொண்டை. ஆனால் அதனுடன் ஒரே தாய்க்குப் பொரித்த ஐந்து பேடுகளின் பக்கத்தை என் கொப்பியில் புரட்டிப் பார்த்தால், மூன்று பேடுகள் கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் காலத்தில் மாதத்துக்குப் பத்து முட்டைகூட இடவில்லை. சேவல் முட்டை இடுவதில்லை, மகன். அது எத்தகைய முட்டைக்காரியின் தந்தையாகப் போகிறது என்பதை அதன் தோற்றத்தில் காண முடியாது. தாயிடமும் சகோதரிகளிடமும், பின்னர் அதன் மகள்களிடமும்தான் காண முடியும்.

இதை நான் இழப்பில்தான் கற்றுக்கொண்டேன். 2012 இல் இருபத்தைந்து குஞ்சுகளுடன் தொடங்கியபோது, பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு எனக்கு இருந்த ஆசையெல்லாம், வீதியால் போகிறவர்கள் நின்று பார்க்கும்படியான கோழிகளை வளர்க்க வேண்டும் என்பதே. ஒவ்வொரு ஆண்டும் கறுத்துச் சிவந்த சேவல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றேன். நிறம் ஆண்டுக்காண்டு அழகானது. 2017 இல் அடைவைத்த இருபது முட்டைகளில் ஒன்பதுதான் பொரித்தன. மிகுதி முட்டைகளை உடைத்துப் பார்த்தபோது பாதி கூமுட்டை, பாதி குஞ்சு உருவாகி இடையில் செத்தவை. தீனியில் குறை என்று நினைத்தேன், பிறகு குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தின் சூட்டைச் சந்தேகித்தேன். நாட்டுக்கோழியின் கீழ் வைத்துப் பார்த்தபோதும் அப்படியே. குறை என் கையில்தான் இருந்தது. ஐந்து தலைமுறையாகத் தந்தையை மகளுக்கும், அண்ணனைத் தங்கைக்கும் சேர்த்து வந்திருக்கிறேன். நெருங்கிய இரத்தத்தில் கூட்டினால் முதலில் அடிபடுவது கருப்பிடிப்பும் பொரிப்பும்தான்.

நீ கணக்கில் தேர்ந்தவன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். ஒரு கூட்டில் 1 சேவலும் 10 பேடும் நின்றால் கண்ணுக்குப் பதினொரு பறவைகள். ஆனால் அடுத்த தலைமுறையின் பாதி இரத்தம் அந்த ஒரே சேவலினுடையது. சேவல் தொகையையும் பேட்டுத் தொகையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத் தொகையால் வகுத்தால் கிடைப்பதுதான் உண்மையில் இனம் பெருக்கும் தொகை: 40 ஐ 11 ஆல் வகுக்க 3.6. இத்தகைய கூட்டத்தில் ஒவ்வொரு தலைமுறைக்கும் இரத்த நெருக்கம் ஏறத்தாழ 14 சதவீதம் ஏறும். அதே இடத்தில் 3 சேவலும் 12 பேடும் வைத்தால் தொகை 9.6 ஆகும், ஏற்றம் 5 சதவீதமளவில் நின்றுவிடும். கூட இரண்டு சேவலுக்குத் தீனி போடும் செலவுக்கு இதைவிட நல்ல பலன் கிடையாது.

அதற்குப் பிறகுதான் அப்பா பின்வளவில் கூட்டை மூன்றாகத் தடுத்துத் தந்தார். பெண் குஞ்சுகள் வளர்ந்ததும் தாய் நின்ற கூட்டிலேயே நிற்கும். ஆண் குஞ்சுகளில் தெரிந்தெடுத்தது அடுத்த கூட்டுக்குப் போகும். முதற்கூட்டின் மகன் இரண்டாம் கூட்டுக்கும், இரண்டாம் கூட்டின் மகன் மூன்றாவதற்கும், மூன்றாவதன் மகன் முதலாவதற்கும் சேவலாவான். இப்படிச் சுற்றினால் உடன்பிறந்தவை ஒருபோதும் சேரா. சேவலை மாற்றும்போது ஒன்றை மறந்துவிடாதே: பழைய சேவலின் விந்து பேட்டின் உடலுக்குள் இரண்டு மூன்று வாரங்கள் உயிரோடு இருக்கும். ஆகவே மூன்று வாரம் கழியும் வரை அடைக்கு முட்டை எடுக்கக்கூடாது. எடுத்தால் தந்தை யாரென்றே தெரியாத குஞ்சுகளுக்குப் பக்கம் ஒதுக்குவாய்.

எந்தப் பேடு எந்த முட்டையை இட்டது என்று தெரியாமல் தெரிவு செய்வது இருட்டில் நெல் பொறுக்குவதைப் போன்றது. அப்பா பலகையில் செய்த முட்டைப் பெட்டிகள் இன்றும் இருக்கின்றன. பேடு உள்ளே போனதும் முன்கதவு தானாக விழும், முட்டை இட்டதும் நாம் போய்த் திறந்து, கால் வளையத்து இலக்கத்தை முட்டையில் பென்சிலால் எழுதுவோம். பகலில் நாலைந்து தடவை போய்ப் பார்க்க வேண்டும், வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாக; பெட்டிக்குள் அடைபட்ட பேடு வெக்கையில் செத்துவிடும். வேலைக்குப் போகும் உனக்கு இது நாள்தோறும் முடியாது. கிழமையில் மூன்று நாள் எழுதினாலும் ஆண்டு முடிவில் எவை முட்டைக்காரிகள் என்பது தெளிவாகிவிடும். பொரித்த அன்றே குஞ்சுகளின் கால்விரல்களுக்கிடையிலுள்ள தோலில் துளையிட்டு விடு. இரண்டு காலிலுமாக நான்கு இடம் உண்டு. துளை உள்ளது, இல்லாதது என்று மாற்றி மாற்றி வைத்தால் பதினாறு குடும்பங்களைப் பிரித்தறியலாம்.

ஆனால் ஒரு பேட்டின் முட்டைக் கணக்கை மட்டும் நம்பியும் மோசம் போகலாம். அமெரிக்காவில் மேயின் மாநில ஆய்வுநிலையத்தில் 1898 இல் தொடங்கி ஏறக்குறைய பத்தாண்டுகள் இத்தகைய பெட்டிகளை வைத்து, அதிக முட்டை இட்ட பேடுகளையும் அவற்றின் மகன்களையும் மட்டுமே கூட்டிப் பார்த்தார்கள். கூட்டத்தின் முட்டைத்தொகை உயரவில்லை. பின்னர் றேமண்ட் பேர்ள் என்ற ஆய்வாளர் அந்தக் கணக்குகளை ஆராய்ந்து, தனிப் பேட்டின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, மகள்கள் எப்படி இடுகிறார்கள் என்று பார்த்துக் குடும்பம் குடும்பமாகத் தெரிந்தெடுத்தபோதுதான் தொகை ஏறியது. முட்டைத்தொகை தீனியாலும் வெயிலாலும் நோயாலும் பெரிதும் மாறும் குணம். ஒரு பேடு நன்றாக இட்டது இரத்தத்தாலா, நல்ல காலத்தாலா என்று அந்த ஒன்றை மட்டும் வைத்து அறிய முடியாது. ஐந்து சகோதரிகளும் நன்றாக இட்டால் அது இரத்தம்தான். முட்டையின் நிறையும் உடல் நிறையும் அப்படியல்ல. அவை தாய் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு உறுதியாக இறங்குவதால் தராசில் வைத்து நேரடியாகவே தெரிந்தெடுக்கலாம். முட்டைத்தொகையையும் முட்டை நிறையையும் ஒன்றாக இழுக்கவும் கூடாது. எண்ணிக்கை ஏற ஏற முட்டை சிறுக்கும் இயல்பு உண்டு. நான் 55 கிராமுக்குக் குறைந்த முட்டை இடும் குடும்பத்தை ஒதுக்கிவிடுவேன், அதற்கு மேல் நிறையைத் துரத்துவதில்லை. இளம் பேட்டின் முதல் முட்டைகள் எப்படியும் சிறியனவாகவே இருக்கும், எட்டு மாதம் கடந்த பிறகே நிறுத்துப் பார்.

கொப்பி இல்லாத வீட்டிலும் கை இருக்கிறது. மாலையில் பேடுகள் கூடடைந்த பின் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார். வாலுக்குக் கீழே இரண்டு மெல்லிய எலும்புகள் தட்டுப்படும். இடுகிற பேட்டில் அவற்றுக்கிடையே இரண்டு மூன்று விரல் போகும், இடாததில் ஒரு விரல்கூட நுழையாது. மஞ்சள் நிறமும் கதை சொல்லும். இந்த இனத்துக்குக் காலும் தோலும் மஞ்சள். தீனியிலுள்ள மஞ்சள் நிறம்தான் முட்டைக் கருவுக்குப் போகிறது என்பதால், இடத் தொடங்கிய பேட்டில் முதலில் முட்டை வரும் துவாரத்தைச் சுற்றியும், பின்னர் கண் ஓரத்திலும் அலகிலும், கடைசியாகக் காலிலும் அந்த நிறம் வெளுக்கும். ஆடிமாதத்தில் கால் வெளுத்து நிற்கிற பேடு பல மாதம் விடாமல் இட்டிருக்கிறது என்று பொருள். அப்போதும் மினுமினுவென்று மஞ்சட்காலோடு நிற்பதைக் கறிக்கு விடலாம். இந்த மஞ்சட்தோல் வந்த வழி எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. கோழிகளின் முதன்மையான மூதாதை தென்கிழக்காசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. மஞ்சட்தோலுக்கான மரபணு மட்டும் தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008 இல் கண்டறிந்தார்கள். றோட் ஐலண்ட் குடியானவர்கள் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த இனத்தை உருவாக்கியபோது கூட்டியவற்றுள் மலாய்ச் சேவலும் ஒன்று. 1904 இல் அமெரிக்காவில் தனி இனமாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, பின் இங்கே வந்து சேர்ந்த கோழிக்கு ஆசிய இரத்தம் புதிதல்ல.

அந்தக் குடியானவர்கள் முட்டையும் இறைச்சியும் தரும், குளிரைத் தாங்கும் பறவையைத் தேடினார்கள். நமக்குத் தேவையானது கச்சானைத் தாங்கும் பறவை. வைகாசி தொடங்கி ஆவணி வரை அந்தக் காற்று இந்தப் பக்கத்து மணலைச் சுட்டுக்கொண்டு வீசும்போது பேடுகள் செட்டையை விரித்து, வாயைத் திறந்து இரைக்கும்; தீனி குறையும், முட்டை குறையும், ஓடு மெலியும், சேவலின் கருப்பிடிப்பும் விழும். நான் தெரிவு செய்வது அந்த மாதங்களில்தான். மாரி ஓய்ந்து தையில் எல்லாப் பேடும் இடும், அப்போது நல்லதையும் தீயதையும் பிரிக்க முடியாது. வெக்கையிலும் மாதத்துக்குப் பதினைந்துக்கு மேல் இட்ட குடும்பத்துக்கே கொப்பியில் சிவப்புக் கோடு. வவுனியாவில் கடற்காற்றும் இல்லை என்பதால் உனக்கு இது இன்னும் முக்கியம். பெரிய உடலுக்கு வெக்கையை வெளியே விடுவது கடினம் என்பதும் அந்த 4.4 கிலோச் சேவலை நான் விரும்பாததற்கு ஒரு காரணம்.

ஒதுக்குவதைப் பற்றியும் எழுதியாக வேண்டும், ஏனெனில் நீ இளகிய மனம் உடையவன். குஞ்சாக இருந்தபோது கையில் ஏந்திய பறவையை விற்கவோ கறிக்கு விடவோ எனக்கு இன்றும் எளிதில்லை. ஆனாலும் பத்து ஆண் குஞ்சில் ஒன்பது போகத்தான் வேண்டும். கோணல் அலகு, வளைந்த நெஞ்செலும்பு, நடையில் தடுமாற்றம், மனிதரைப் பாயும் குணம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மற்றெல்லாம் நன்றாக இருக்கிறதே என்று இரக்கப்படாதே. நிறத்துக்கு நான் இப்போது கொடுப்பது கடைசி இடம், ஆனால் இடமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். இறகில் வெள்ளை கலந்து, கால் பச்சையாகிப் போனால் அது வேறு இரத்தம் புகுந்ததற்கு அடையாளம், பிறகு இதைத் தூய இனம் என்று சொல்லி ஒருவருக்கும் குஞ்சு கொடுக்க முடியாது.

ராணிக்கெட் என்ற கோழி நோய்க்கான தடுப்பூசியைத் தவறாமல் போடு. திகதிகளை மிருக வைத்தியரிடம் கேட்டு எழுதிக்கொள். யார் எவ்வளவு நல்ல கோழி என்று தந்தாலும் ஒரு மாதம் தனியே வைத்துப் பார்க்காமல் கூட்டத்தோடு சேர்க்காதே. நம் மூன்று கூடுகளும் ஒரே வளவில் நிற்கின்றன. ஒரு நோய் புகுந்தால் இத்தனை ஆண்டு உழைப்பும் ஒரு கிழமையில் போய்விடும் என்ற பயம் எனக்கு இரவில் வருவதுண்டு. உன் கொட்டிலில் இதே இரத்தத்தின் இன்னொரு பகுதி நிற்கும் என்ற நினைப்பே எனக்குப் பெரிய ஆறுதல். நாலைந்து ஆண்டில் புதுச் சேவல் தேவைப்படும்போது நாம் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. நீ ஒன்று தா, நான் ஒன்று தருகிறேன்.

ஆகவே இப்படிச் செய்வோம். இரண்டாம் கூட்டிலிருந்து நான்கு பேடு, மூன்றாம் கூட்டிலிருந்து நான்கு பேடு தருகிறேன். இரண்டாம் கூட்டுப் பேடுகளுக்கு முதற்கூட்டின் 14 ஆம் இலக்க மகன், மூன்றாம் கூட்டுப் பேடுகளுக்கு இரண்டாம் கூட்டின் 31 ஆம் இலக்க மகன். 14 ஆம் இலக்கம் சற்று வெளிர்ந்த சிவப்பு, 3.6 கிலோதான், கொண்டையில் ஒரு முனை சரிந்திருக்கிறது. ஆனால் அதன் ஆறு சகோதரிகளும் சென்ற ஆடியில் பதினாறுக்குக் குறையாமல் இட்டார்கள், தாய்க்கு இப்போது நான்கு வயது, இன்னும் இடுகிறாள். உன் கொட்டிலை நடுவில் தடுத்து இரண்டாக்கு. தடுப்பின் கீழ்ப்பகுதி இரண்டு அடி உயரத்துக்குப் பலகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சேவல்கள் கம்பிவலை வழியே சண்டை பிடித்துக் கொண்டையைக் கிழித்துக்கொள்ளும். அடைக்கென்று இரண்டு நாட்டுக்கோழி அங்கேயே வாங்கி வை. நம் பேடுகளை அடைக்கு இருத்தி முட்டை நாட்களை வீணாக்க வேண்டாம்.

வரும்போது காற்றோட்டமுள்ள கூடைகள் மூன்று கொண்டுவா. பகல் வெயிலில் பஸ்ஸில் ஏற்றாமல், விடியப்புறம் புறப்படலாம். பத்துப் பறவைகளின் பக்கங்களையும் ஒரு புதுக் கொப்பியில் பிரதி செய்துகொண்டிருக்கிறேன், இன்னும் மூன்று மீதி இருக்கின்றன.

அன்புடன்,
அம்மா